மூனி 45ன்னு ரெண்டுலயும் போட்டிருந்தாலும் ரெண்டும் ஒரே ரப்பர் கிடையாது

பிபிஆர், அதாவது பாலிபியூட்டடையீன் ரப்பர், பேலா (அமுக்கின பெரிய கட்டியா) வந்து இறங்கினா கூடவே ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் வரும், அதுல சிஸ் (மோலிகியூல்ல யூனிட் சேர்ற ஒரு வகை அமைப்பு) எவ்வளவு, ஆஷ் எவ்வளவு, வோலடைல் எவ்வளவுன்னு நாலஞ்சு வரி இருக்கும், ஆனா எல்லாரோட கண்ணும் முதல்ல போறது மூனி விஸ்காசிட்டி, அதாவது ரப்பர் எவ்வளவு கெட்டின்னு காட்டற நம்பர், அந்த வரிக்குத்தான். 45ன்னு கேட்டோம், 45 வந்திருக்கு, ஓகே, உள்ள எடு. ரப்பர் லைன்ல இருக்கற பாதிப் பேருக்கு ஒரு பாலிமரைப் பத்தின விசாரணை இதோட முடிஞ்சிடும். இதைப் பத்தி விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா மூனி ஒண்ணா இருந்தும் எக்ஸ்ட்ரூடர்ல, அதாவது டைங்கற அச்சுத் துளை வழியா ரப்பரைத் தள்ளற மெஷின்ல, ஒண்ணு பட்டு மாதிரி வழவழன்னு வர்றதும் இன்னொண்ணு ஓரம் கிழிஞ்சு ரம்பம் பல்லு போல வர்றதும் தினசரி நடக்கற விஷயம். ஆபரேட்டர் "சார் மெட்டீரியல் மாறிடுச்சு"ன்னு சொல்வார், லேப்ல "ஸ்பெக் உள்ளதான் இருக்கு"ன்னு சொல்வாங்க, ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றாங்க. அந்த ரெண்டு உண்மைக்கும் நடுவுல உக்காந்திருக்கறது செயினோட, அதாவது ரப்பரோட நீளமான மோலிகியூலோட, வடிவம்.

முதல்ல அளவு புரியணும். பாலிபியூட்டடையீன்ல ஒரு யூனிட்டோட மோலிகுலர் வெயிட் வெறும் 54, நாலு கார்பன், ஆறு ஹைட்ரஜன், அவ்வளவுதான். மோலிகுலர் வெயிட் 2,50,000 இருக்கற ஒரு செயின்ல இந்த யூனிட் நாலாயிரத்து அறுநூறு கிட்ட வரிசையா இருக்கும். அதை அப்படியே பத்து லட்சம் மடங்கு பெருசாக்கினா அரை மில்லிமீட்டர் தடிமன்ல ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு தையல் நூல் கிடைக்கும். அந்த நூல் நீட்டி நிமிர்ந்து கிடக்காது, சுருண்டு நாலஞ்சு சென்டிமீட்டர் உருண்டையா இருக்கும், அந்த உருண்டைக்குள்ள இது ஒண்ணு மட்டும் இல்லாம அதே மாதிரி இன்னும் பல டஜன் நூல் உள்ள புகுந்து வெளிய வந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். இதுல முடிச்சு எதுவும் கிடையாது, ஒட்டும் கிடையாது, வல்கனைஸ் பண்றதுக்கு (செயின்களை ஒண்ணோட ஒண்ணு கெமிக்கலா கட்டறதுக்கு) முன்னாடி நிலைமை இது. ஒண்ணை இழுத்தா மத்ததெல்லாம் வழி விடணும், வழி விடறதுக்கு நேரம் வேணும், ரப்பரோட ஃப்ளோ முழுக்க அந்த நேரத்தைப் பத்தின கதைதான்.

இந்தப் பின்னலுக்கு ஒரு கணக்கு உண்டு. பிபிஆர்ல சுமார் 2,000 மோலிகுலர் வெயிட்டுக்கு ஒரு தடவை செயின் இன்னொண்ணுல மாட்டிக்குது, அப்போ 2,50,000 செயின்ல நூறுக்கு மேல மாட்டல். பாலிஸ்டைரீன்ல இதே மாட்டலுக்கு நடுவுல பதினேழாயிரம் பதினெட்டாயிரம் இடைவெளி இருக்கு, பிபிஆர் எவ்வளவு அடர்த்தியா பின்னிக்கற சரக்குன்னு இதுலயே தெரியும். செயின் ரொம்பக் குட்டியா, பின்னலே விழாத அளவுல இருந்தா விஸ்காசிட்டி மோலிகுலர் வெயிட்டுக்கு நேர் விகிதத்துல ஏறும், ரெண்டு மடங்கு நீளம்னா ரெண்டு மடங்கு கெட்டி. பின்னல் விழ ஆரம்பிச்ச பிறகு அந்த விதியே மாறிடும், மோலிகுலர் வெயிட்டோட 3.4 அடுக்குல ஏறும், அதாவது செயின் நீளத்தை ரெண்டு மடங்காக்கினா விஸ்காசிட்டி பத்து மடங்குக்கு மேல போயிடும். 1971ல பிரெஞ்சு இயற்பியல்காரர் பியேர் ஷில் டி ஜென் இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தார், சுத்தி இருக்கற செயின்கள் பக்கவாட்டுல நகர விடாததால ஒரு செயினால தன் நீளத்து வழியா முன்னும் பின்னும் நெளிஞ்சுதான் வெளிய வர முடியும்னார். அவர் கணக்குல அடுக்கு 3 வந்தது, டெஸ்ட்ல 3.4 வருது, அந்த வித்தியாசத்துக்கும் பின்னாடி வந்தவங்க காரணம் கண்டுபிடிச்சாங்க. 1991ல அவருக்கு இயற்பியல் நோபல் கிடைச்சது. ஃபேக்டரில ரெண்டு ரோலுக்கு நடுவுல பிசையற மில்லுல ஓடற ரப்பருக்கு இவ்வளவு அழகான ஒரு தியரி இருக்குன்னு படிச்சப்போ எனக்கு இந்த வேலை மேல இருந்த மரியாதையே வேற லெவலுக்குப் போச்சு.

சரி, மூனிக்கு வருவோம். மெல்வின் மூனி அமெரிக்காவுல யூ.எஸ். ரப்பர் கம்பெனில இருந்த இயற்பியல்காரர், 1934ல இந்த மெஷினைப் பத்தி எழுதினார், ரப்பரை இழுத்தா ஸ்ட்ரெஸ் எப்படி ஏறும்னு நாம இன்னிக்கும் கம்ப்யூட்டர்ல போடற மூனி ரிவ்லின் சமன்பாட்டுல இருக்கற மூனியும் இவரேதான். மெஷின் ரொம்ப சிம்பிள், சூடான மூடின அச்சுக்குள்ள ரப்பர், நடுவுல வரிவரியா பள்ளம் போட்ட ஒரு வட்ட ரோட்டர், அது நிமிஷத்துக்கு ரெண்டே சுத்து சுத்தும், அதைச் சுத்த எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) வேணும்னு பாக்கறோம், 8.3 நியூட்டன் மீட்டர் டார்க் வந்தா 100 மூனி. எம்எல் 1+4, 100 டிகிரின்னு எழுதறோமே, பெரிய ரோட்டர், ஒரு நிமிஷம் சூடு ஏத்தல், நாலு நிமிஷம் ஓட்டம்னு அர்த்தம். இதுல கவனிக்க வேண்டியது அந்த ரெண்டு சுத்து. அந்த வேகத்துல ரோட்டர் விளிம்புல கூட ஷியர் ரேட், அதாவது ரப்பர் அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கற வேகம், வினாடிக்கு ஒண்ணரை தான் வரும். எக்ஸ்ட்ரூடர் டைல வினாடிக்கு நூறு, சில நேரம் ஆயிரம். இன்ஜெக்ஷன் மோல்டிங்ல பத்தாயிரம் வரை கூட போகும். அந்தப் பக்கம் பாத்தா கோடவுன்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச பேல் தன் எடையிலயே நாள்கணக்குல மெல்ல அமுங்குதே, அங்க ஷியர் ரேட் மூனியை விட எத்தனையோ ஆயிரம் மடங்கு கம்மி. ஆக மூனி நமக்குக் காட்டறது ஒரு நீளமான ரோட்டுல ஒரே ஒரு மைல்கல்.

இந்த இடத்துலதான் செயினோட வடிவம் வருது. கிளையே இல்லாத நேர் செயின் ஒரு பக்கம், நடுவுல நீளமான கிளைகள் விட்ட செயின் இன்னொரு பக்கம்னு வெச்சு ரெண்டோட விஸ்காசிட்டியையும் ஷியர் ரேட்டுக்கு எதிரா வரைஞ்சா ரெண்டு கோடும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கும். ரொம்ப மெதுவான ஷியர்ல கிளைச் செயின் கெட்டியா இருக்கும், ஏன்னா கிளை இருக்கறதால அது தன் நீளத்து வழியா நெளிஞ்சு வெளிய வர முடியாது, ஒவ்வொரு கிளையும் உள்ள சுருங்கி திரும்ப வேற வழியில நீளணும், கிளை நீளமாக நீளமாக இதுக்கு ஆகற நேரம் எக்ஸ்பொனென்ஷியலா ஏறிடும். வேகமான ஷியர்ல கதை தலைகீழ், கிளைச் செயின் ஷியர்ல சீக்கிரம் இளகிடும், நேர் செயின் அந்த அளவுக்கு இளகாது. சில செயின் ரொம்பக் குட்டி, சில ரொம்ப நீளம்னு பரவலா கலந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி இளகல் கிடைக்கும். அந்த ரெண்டு கோடும் வெட்டிக்கற புள்ளி மூனி மெஷின் ஓடற ஷியர் ரேட் பக்கத்துல வந்து விழுந்தா என்ன ஆகும்? ரெண்டுக்கும் 45 வரும். சர்டிபிகேட்ல ரெண்டும் ஒண்ணு, டைல ஒண்ணு கிடையாது, கோடவுன்லயும் ஒண்ணு கிடையாது. நான் இந்தப் பதிவுல சொல்ல வந்தது முக்கியமா இதுதான்.

இந்த வடிவம் எங்க முடிவாகுதுன்னா ரியாக்டர்ல, கேட்டலிஸ்ட்ல (வினையூக்கில). ஜெர்மன் கெமிஸ்ட் ஸீக்லர் 1953ல கண்டுபிடிச்ச கேட்டலிஸ்ட் வழியா வந்த குடும்பத்துல டைட்டானியம், கோபால்ட், நிக்கல், நியோடிமியம்னு நாலு முக்கியமான வகை இருக்கு, லித்தியம் தனி வழி. டைட்டானியத்துல சிஸ் 92, 93 சதவீதம் வரும். கோபால்ட், நிக்கல்ல 96, 97. நியோடிமியத்துல 98, செயின் கிட்டத்தட்ட நேர்க்கோடு. கோபால்ட்ல கிளை வரும், எவ்வளவு வரணும்னு ஓரளவு கட்டுப்படுத்தவும் முடியும். லித்தியத்துல சிஸ் 35, 38 சதவீதம்தான், யூனிட் சேர்ற மத்த ரெண்டு அமைப்புல டிரான்ஸ் பாதிக்கு மேல, வினைல் பத்து சதவீதம் கிட்ட, ஆனா அதுல செயின் வளர்ச்சி நடுவுல எங்கயும் நிக்காது, மைக்கேல் ஸ்வார்க் 1956ல காட்டின "லிவிங்" பாலிமரைசேஷன் வகை அது, அதனால எல்லா செயினும் கிட்டத்தட்ட ஒரே நீளம், கிளை இல்லை. கேக்க ரொம்ப சுத்தமா இருக்கு இல்லையா, கெமிஸ்ட்ரி படிக்கறவங்க பாத்து சந்தோஷப்படற மாதிரி ஒரு பாலிமர், ஆனா அந்த சுத்தமே தொந்தரவு, அதை அப்படியே பேல் அடிச்சு வெச்சா மெல்ல வழிஞ்சு பக்கத்து பேலோட சேந்துடும்.

கோல்ட் ஃப்ளோன்னு இதைச் சொல்றோம். 33 கிலோ, 35 கிலோ பேல், அடுக்கி வெச்சா கீழ இருக்கறது மேல இருக்கற மொத்த எடையும் தாங்கணும், சென்னை மாதிரி ஊர்ல மே மாசம் தகரக் கூரைக்குக் கீழ வெச்சா இன்னும் மோசம். பிபிஆரோட கிளாஸ் டிரான்சிஷன், அதாவது கண்ணாடி மாதிரி விறைச்சுப் போற சூடு, மைனஸ் 105 டிகிரி பக்கம், அதாவது நாம குளிருதுன்னு போர்வை தேடற ராத்திரியில கூட அது தன் விறைக்கற நிலைக்கு நூறு டிகிரிக்கு மேல தள்ளி நல்லா உயிரோட நெளிஞ்சிட்டு இருக்கும். எஸ்பிஆர்ல (ஸ்டைரீன் பியூட்டடையீன் ரப்பர்) ஸ்டைரீன் 23.5 சதவீதம் இருக்கறது மைனஸ் 50 பக்கம், நேச்சுரல் ரப்பர் மைனஸ் 70 பக்கம், இவங்களுக்கெல்லாம் அவ்வளவு துள்ளல் கிடையாது. கோல்ட் ஃப்ளோவைத் தடுக்க தயாரிக்கறவங்க என்ன பண்றாங்கன்னா பாலிமரைசேஷன் முடியற நேரத்துல சிலிக்கான் டெட்ராகுளோரைடு, டின் டெட்ராகுளோரைடு, டைவினைல் பென்சீன் மாதிரி ஒண்ணைக் கொஞ்சம் விட்டு நாலஞ்சு செயினோட நுனியை ஒரு இடத்துல கட்டி நட்சத்திரம் மாதிரி ஆக்கிடறாங்க. மொத்த வெயிட்ல மிகச் சின்ன அளவு கெமிக்கல், ஆனா பேல் நிமிர்ந்து நிக்கும். மேல சொன்ன கிளை சுருங்கற கதைதான் இங்க வேலை செய்யுது. டின் வெச்சு கட்டினா இன்னொரு நல்லது உண்டு, கார்பன் பிளாக்கோட (ரப்பர்ல சேக்கற கரித்தூள்) மிக்ஸிங்ல அந்தக் கட்டு உடைஞ்சு செயின் நுனி பிளாக் மேல போய் ஒட்டிக்கும், கோடவுன்ல கெட்டி, மிக்சர்ல இளகல், டயர்ல சூடு கம்மி. இதைக் கண்டுபிடிச்சவங்க மூளைக்கு நான் ரசிகன்.

செயின் வடிவத்தை விட்டா பிராசஸே நடக்காதுன்னு உலகம் கஷ்டப்பட்டு கத்துக்கிட்ட காலம் ஒண்ணு உண்டு, ரெண்டாம் உலகப் போர். ஜெர்மனில ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனி பண்ணின பூனா எஸ், அதாவது பியூட்டடையீன் ஸ்டைரீன் ரப்பர், நல்ல ரப்பர்தான், ஆனா செயின் ரொம்ப நீளம், மில்லுல போட்டா முரண்டு பிடிக்கும், அதனால அவங்க அதை சூடான காத்துல வெச்சு ஆக்சிஜனால செயினை உடைச்சு மிருதுவாக்கின பிறகுதான் கலக்கவே முடிஞ்சது. 1942 தொடக்கத்துல மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு நேச்சுரல் ரப்பர் வர்றது நின்னு போச்சு, அவங்க ஜிஆர்எஸ்ன்னு அதே குடும்பத்து ரப்பரை அவசர அவசரமா பண்ண ஆரம்பிச்சாங்க, ஆனா அவங்க ரெசிப்பில பியூட்டடையீன் 75 பங்கு, ஸ்டைரீன் 25, தண்ணி 180, சோப்பு 5, பொட்டாசியம் பெர்சல்ஃபேட் 0.3ன்னு போய் அதோட அரை பங்கு டோடெசில் மெர்காப்டன்னு ஒண்ணு இருந்தது. அந்த அரை பங்கு வளர்ற செயினை அளவா நிறுத்தி அடுத்த செயினை ஆரம்பிச்சு வைக்கும். சூட்டுல வெச்சு உடைக்கற வேலையே தேவைப்படல, நேரா மில்லுக்குப் போச்சு, 1945ல ஏழு லட்சம் டன்னுக்கு மேல பண்ணினாங்க. 50 டிகிரில ஓட்டி 72 சதவீதம் ரப்பரா மாறினதும் நிறுத்திடுவாங்க, அதைத் தாண்டி விட்டா செயின்ல கிளை மேல கிளை வந்து கடைசில எதுலயும் கரையாத ஜெல் ஆயிடும். போர் முடிஞ்ச பிறகு 5 டிகிரில ஓட்டற முறை வந்தது, கிளை குறைஞ்சது, ஜெல் குறைஞ்சது, டயர் டிரெட் தேய்மானமும் குறைஞ்சது. இன்னிக்கு நாம வாங்கற 1502, 1712 நம்பர் எஸ்பிஆர் கிரேட் எல்லாம் அந்தக் கோல்ட் ரப்பர் வரிசைதான்.

மில்லுக்கு வந்தா பிபிஆரோட குணம் நேராவே கண்ணுல தெரியும். நேச்சுரல் ரப்பரை மில்லுல ஓட்டினா உராய்வுல செயின் உடையும், உடைஞ்ச நுனியை ஆக்சிஜன் பிடிச்சுக்கும், கொஞ்ச நேரத்துல மூனி இறங்கி சொன்னபடி கேக்கும், தாமஸ் ஹான்காக் 1820 வாக்குல மாஸ்டிகேட்டர் பண்ணின நாள்லேர்ந்து இதுதான் வழி. பிபிஆர் கிட்ட அது நடக்காது, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மூனி பெருசா இறங்காது, அப்போ ஆரம்பத்துலயே ரியாக்டர்ல என்ன வடிவம் குடுத்தாங்களோ அதோடதான் கடைசி வரை குடும்பம் நடத்தணும். இன்னொண்ணு, ரோல் சூடு 50 டிகிரி தாண்டினா பிபிஆர் ரோலை விட்டு பை மாதிரி தொங்க ஆரம்பிக்கும், ஓட்டை விழும், துண்டு துண்டா ரோல் நடு இடுக்குலேர்ந்து கீழ விழும். டோக்கிடாவும் வைட்டும் 1966ல மில் நடத்தையை நாலு நிலையா பிரிச்சாங்க, முதல்ல ரோல்ல பிடிக்கவே பிடிக்காது, ரெண்டாவதுல ரோலை இறுக்கமா பட்டை மாதிரி சுத்திக்கும், மூணாவதுல பை தொங்கி கிழியும், நாலாவதுல இளகின திரவமா ஒட்டும். சூடு ஏத்தினா நிலை ஒண்ணொண்ணா மாறும். நேச்சுரல் ரப்பரும் எஸ்பிஆரும் சாதாரண மில் சூட்டுல ரெண்டாவதுல சௌகரியமா உக்காந்திருக்கும், பிபிஆர் அந்த சூட்டுலயே மூணாவதுக்கு ஓடிடும். அதனாலதான் பிபிஆரைத் தனியா ஓட்டாம நேச்சுரலோடயோ எஸ்பிஆரோடயோ கலந்து ஓட்டறோம், ரோல்ல தண்ணி ஓட்டி குளுமையா வைக்கறோம். பழைய மில் ஆளுங்க இந்த தியரி எதுவும் படிக்காமலே கையை ரோல் பக்கத்துல கொண்டு போய் சூடு பாத்து தண்ணி வால்வைத் திறப்பாங்க, அந்தக் கை அறிவுக்கும் அந்தப் பேப்பருக்கும் நடுவுல எந்த முரணும் கிடையாது.

எக்ஸ்ட்ரூடர்ல பாக்க வேண்டியது டை ஸ்வெல், ஓரம். டைக்குள்ள நெருக்கத்துல செயின்கள் இழுபட்டு ஒரே திசையில படுத்துக்கும், வெளிய வந்ததும் திரும்ப சுருண்டுக்கும், அதனால புரொஃபைல் டையை விடப் பெருசா வரும். டைக்குள்ள அது இருக்கற நேரத்துலயே இழுபட்டதை மறந்துட்டா ஸ்வெல் கம்மி, மறக்கலைன்னா அதிகம், அதனால நீளமான டை நல்லது. ரிலாக்ஸ் ஆக நேரம் பத்தலைன்னா ஓரம் கிழியும், மேற்பரப்பு சுறாத்தோல் மாதிரி ஆகும். நியோடிமியம் மாதிரி நேர் செயின் அதிக மூனி கிரேட்ல இந்த ஓரப் பிரச்சனை வரும், கிரேட் பொறுத்து கூடக் குறைய இருக்கும். கார்பன் பிளாக் சேத்தா ஸ்வெல் இறங்கும், ஏன்னா பிளாக் நீளவும் நீளாது சுருளவும் சுருளாது. இதைச் சோதிக்க கார்வி டைன்னு ஒரு டை இருக்கு, டயர் டிரெட் பாதி மாதிரி வடிவம், ஒரு பக்கம் கத்தி மாதிரி மெல்லிசான 30 டிகிரி ஓரம், ஸ்வெல்லிங், ஓரம், மேற்பரப்பு, மூலை நாலுக்கும் ஒண்ணுலேர்ந்து நாலு மார்க் போட்டு பதினாறுக்குக் கூட்டுவாங்க. கண்ணால பாத்து போடற மார்க்தான், ஆனா மூனி சொல்லாததை அந்த மெல்லிசு ஓரம் உடனே சொல்லிடும்.

ஆர்பிஏ (ரப்பர் பிராசஸ் அனலைசர்) மெஷின் இல்லாத சின்ன லேப்ல கிளை இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறது? ரெண்டு வழி உண்டு, ரெண்டும் செலவு கம்மி. முதல் வழி மூனி மெஷின்லயே இருக்கு, நாலு நிமிஷம் முடிஞ்சதும் ரோட்டரைச் சட்டுனு நிறுத்திட்டு டார்க் எப்படி இறங்குதுன்னு பாருங்க, நேர் செயின் சீக்கிரம் இறங்கும், கிளைச் செயின் இழுத்து இழுத்து இறங்கும். இன்னிக்கு வர்ற பெரும்பாலான மெஷின்ல இந்த ரிலாக்சேஷன் ஆப்ஷன் இருக்கு, வாங்கி வெச்சுட்டு அதை ஆன் பண்ணாமலே வருஷக்கணக்குல ஓட்டற லேப் நிறைய, அதைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. ரெண்டாவது வழி, டொலுயீன்ல 5 சதவீதம் கரைச்சு 25 டிகிரில அதோட விஸ்காசிட்டி பாக்கறது. கரைசல்ல பின்னல் விலகிடும், செயின் எவ்வளவு பெருசா விரிஞ்சிருக்குன்னுதான் அங்க தெரியும், கிளை உள்ளது அதே வெயிட்ல கச்சிதமா சுருண்டிருக்கும், அதனால அதோட கரைசல் நீர்த்து இருக்கும். கரைசல் விஸ்காசிட்டியை மூனியால வகுத்தா வர்ற நம்பர் பெருசா இருந்தா செயின் நேர், சின்னதா இருந்தா கிளை அதிகம். ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் பண்றவங்க ரப்பரை ஸ்டைரீன்ல கரைச்சு ஓட்டறவங்க, அவங்க இதைத் தினமும் பாப்பாங்க, அவங்களுக்கு அந்தக் கரைசல் கெட்டியாயிட்டா வேலையே ஓடாது. டொலுயீன் ஆவியில ஜாக்கிரதை, ஃப்யூம் ஹுட்ல வெச்சு பண்ணுங்க, ராத்திரி முழுக்க மெதுவா கலக்கிக் கரையணும், அவசரப்பட்டா கரையாத துணுக்கு இருந்து நம்பர் தப்பா வரும்.

இவ்வளவு சொல்லியும் நேர் செயின் வேண்டாம்னு நான் சொல்லல. நியோடிமியம் பிபிஆர் மிக்ஸிங்லயும் டைலயும் கொஞ்சம் அடம் பிடிச்சாலும் வல்கனைஸ் ஆன பிறகு தேய்மானம், சூடு ஏறாம இருக்கறது, வளைஞ்சு வளைஞ்சு விரிசல் விடாம இருக்கறது எல்லாத்துலயும் நல்லா நிக்கும், ஏன்னா செயின் நுனிங்கறது நெட்வொர்க்ல எந்த வேலையும் செய்யாம தொங்கற பகுதி, கிளை அதிகமானா நுனியும் அதிகம். டயர் சைட்வால், டிரெட், கோல்ஃப் பந்து உள்ள இருக்கற கோர் எல்லாத்துக்கும் அதைத் தேடிப் போறது இதுக்காகத்தான். நான் வழக்கமா பண்றது, பிளெண்ட்ல நேச்சுரல் பங்கைக் கொஞ்சம் ஏத்தி நியோடிமியத்தை உள்ள கொண்டு வர்றது, மாஸ்டர் பேட்ச்ல (வல்கனைஸ் கெமிக்கல் சேக்கறதுக்கு முந்தின கலவைல) பிளாக் போன பிறகுதான் ஆயில் விடறது, டை சூட்டை கொஞ்சம் ஏத்தி ஸ்க்ரூ வேகத்தைக் கொஞ்சம் இறக்கறது. சப்ளையர் மாத்தறப்போ மூனியோட சேத்து கேட்டலிஸ்ட் என்ன, கரைசல் விஸ்காசிட்டி என்னன்னு கேட்டு வாங்கி வைங்க, கேட்டா குடுப்பாங்க, கேக்கறவங்க கம்மி. புது லாட் வந்ததும் ரிலாக்சேஷன் கர்வை பழைய லாட் கர்வ் மேல வெச்சுப் பாத்துட்டு அப்புறம் லைனுக்கு அனுப்புங்க, மூனி 45 வந்தாலும் சரி, 44 வந்தாலும் சரி.